கல்கத்தாவின் புரட்டாசிப் புயல்

வங்காளத்தில் குடியேறிய தமிழர் முதலில் கற்றுக்கொள்ளும் செய்திகளுள் ஒன்று, நாம் புரட்டாசி என்று வழங்கும் மாதத்தை அம்மக்கள் ஆசுவினம் என்று வழங்குகிறார்கள் என்பது. கதிரவன் கன்னியில் சஞ்சரிக்கும் அதே முப்பது நாட்கள்தாம். நமக்குக் கொலுவும் சுண்டலும், அவர்களுக்குத் துர்க்கா பூஜையும் புத்தாடையும். அம்மாதத்தின் பெயரைத் தாங்கிய புயல் ஒன்று அந்நாட்டு மக்களின் நினைவில் உண்டு. 'ஆசுவினப் புயல்' என்றால் வயது முதிர்ந்த வங்காளிகள் ஆண்டைக் கேட்பதில்லை. நாம்தாம் கேட்க வேண்டும். ஆண்டு 1864.

அப்பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது 2020ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் மாலையில். நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக அப்போது நான் கல்கத்தாவில் இருந்தேன். ஆங்கிலத்தை இந்தியாக்குவதும் இந்தியை ஆங்கிலமாக்குவதும் தொழில். தமிழ் வீட்டில் பேசுவதற்கு. லேக் மார்க்கெட் அருகே, காப்பிப்பொடியும் முருங்கைக்காயும் கிடைக்கும் அப்பகுதியில், மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். மறுநாள் 'அம்பான்' புயல் கரை கடக்கும் என்று வானொலியும் செய்தித்தாள்களும் நான்கு நாட்களாக அறிவித்துக்கொண்டிருந்தன. சன்னல்களைச் சரிபார்க்க மேலே வந்த வீட்டுக்கார அம்மையார், எண்பது வயது கடந்தவர், நாங்கள் 'மாசிமா' என்று அழைப்பது வழக்கம், அவர் ஒரு சன்னலின் கொண்டியை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆசுவினப் புயலில் எங்கள் கொள்ளுப்பாட்டியின் ஊரே போயிற்று, கல்கத்தாவில் கப்பல்கள் போயின என்பார்கள்" என்றார். ஊர் போனதையும் கப்பல் போனதையும் அவர் ஒரே மூச்சில் சொன்ன விதம் என் மனத்தில் தங்கிவிட்டது. பின்னாளில் அப்புயலைப் பற்றித் தேடிப் படித்தபோது, அதன் வரலாறு முழுவதுமே அவ்விரு வாக்கியங்களுக்குள் அடங்கியிருக்கக் கண்டேன்.

1864 அக்டோபர் 5, புதன்கிழமை. அமாவாசை கழிந்து நான்கைந்து நாட்களே ஆகியிருந்தன. துர்க்கா பூஜை தொடங்கவிருந்த வாரம். பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகர் அந்நாளில் கல்கத்தா. ஹூக்ளி ஆற்றின் துறையில் நீராவிக் கப்பல்களும் பாய்க்கப்பல்களுமாக நூற்றுத் தொண்ணூற்றைந்து கலங்கள் நங்கூரமிட்டு நின்றன. அவற்றையன்றி நாட்டுப் படகுகள் எத்தனை என்று எண்ணியவர் இலர். கடலிலிருந்து எண்பது மைலுக்கு மேல் உள்ளடங்கிய துறைமுகம் ஆகையால், ஆழ்கடலின் கொந்தளிப்பு நம்மை என்ன செய்யும் என்னும் துணிவு கப்பல் தலைவர்களுக்கு இருந்தது. முதல் நாளே வானம் மூடியிருந்தது. காற்று இடையிடையே வெறி கொண்டு வீசிற்று. பாரமானியின் பாதரசம் இறங்கத் தொடங்கிற்று. ஆனால் பருவமழை விடைபெறும் காலத்தில் இவையெல்லாம் வங்காளத்துக்குப் புதியன அல்ல.

புயல் எங்கிருந்து வந்தது என்பது அன்று கல்கத்தாவில் எவருக்கும் தெரியாது. மூன்று நாட்களுக்கு முன்னரே அது அந்தமான் தீவுகளின் அருகில் உருக்கொண்டு வடமேற்காக நகரத் தொடங்கிவிட்டது. நடுக்கடலில் அதன் வாயில் அகப்பட்ட கப்பல்கள் தத்தம் நாட்குறிப்புகளில் காற்றின் திசையையும் பாரமானியின் வீழ்ச்சியையும் மணிக்கு மணி குறித்துக்கொண்டே தத்தளித்தன. அக்குறிப்புகளைப் படிக்க வேண்டியவர்கள் கரையில் இருந்தனர். குறிப்புகளோ கடலில் இருந்தன. அந்தமானுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே தந்தி இல்லை. கல்கத்தாவுக்கும் கீழ்நதியில் உள்ள டயமண்டு ஹார்பருக்கும் இடையே தந்தி இருந்தது. இந்நாட்டில் முதன்முதல் போடப்பட்ட தந்தித் தடமே அதுதான்; 1850–51இல் அமைக்கப்பட்டது. ஆயினும் காற்றின் செய்திகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 'புயல் வருகிறது' என்று சொல்வதற்கென்று ஒருவரும் நியமிக்கப்படவில்லை.

புதன்கிழமை முற்பகலில் புயலின் மையம் ஹூக்ளி முகத்துவாரத்துக்கு மேற்கே, கண்டாய், ஹிஜிலி என்னும் கடற்கரைப் பகுதிகளில் கரையேறிற்று. புயல் காற்றாக மட்டும் வரவில்லை. கடலையும் உடன் கொண்டு வந்தது. புயலின் முன்னே குவிந்த நீர்மலை ஆற்றின் அகன்ற வாயில் புகுந்து, குறுகிக்கொண்டே செல்லும் கரைகளுக்கிடையே உயர்ந்து உயர்ந்து மேலேறிற்று. புனல்வாயில் பரந்து பாயும் நீர் குழாயின் கழுத்தில் எவ்வாறு விம்மி எழுமோ அவ்வாறு. ஆற்றின் இயல்பான ஓட்டம் எதிர்த்திசையில் திரும்பிற்று.

நண்பகல் கடந்து நகரத்தில் காற்றின் உக்கிரம் ஏறிற்று. பிற்பகல் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் அது தன் முழு வலிமையையும் காட்டிற்று. நங்கூரச் சங்கிலிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. ஓர் கப்பல் அறுத்துக்கொண்டு அடுத்ததன் மேல் மோத, அது தன் சங்கிலியையும் அறுத்துக்கொண்டு மூன்றாவதன் மேல் சாய, இவ்வாறு திரள் திரளாகக் கப்பல்கள் ஆற்றில் மேலும் கீழும் உருண்டன. ஏறிய வெள்ளம் அவற்றைக் கரைக்கு மேல் தூக்கி வைத்தது. வெள்ளம் வடிந்ததும் அவை தரையிலேயே நின்றன. பெரிய நீராவிக் கப்பல்கள் சாலை ஓரத்திலும் தோட்டங்களின் அருகிலும் கிடந்த காட்சியை மறுநாள் காலையில் நகரமே திரண்டு சென்று பார்த்தது. நூற்றுத் தொண்ணூற்றைந்து கலங்களில் முப்பத்தாறு முற்றிலும் அழிந்தன. தொண்ணூற்றேழு பெருஞ்சேதம் அடைந்தன. முப்பத்தொன்பது சிறு சேதத்தோடு தப்பின. யாதொரு குறையுமின்றி நின்றவை இருபத்து மூன்றே.

நகருக்குள் நூற்றுக்கு மேற்பட்ட செங்கல் வீடுகள் விழுந்தன. ஓட்டுக் குடில்களும் ஓலைக் குடில்களும் நாற்பதினாயிரத்துக்கு மேல் சரிந்தன. ஆற்றின் அக்கரையில் சிப்பூரில் உள்ள தாவரத் தோட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் வேரோடு சாய்ந்தன. அங்குள்ள புகழ்பெற்ற பேராலமரத்தின் பெருங்கிளைகள் அப்புயலிலும், 1867இல் வந்த மற்றொரு புயலிலும் முறிந்தன. முறிந்த இடத்தில் காளான் பற்றி, மெல்ல மெல்ல உள்ளே அரித்து, 1925இல் நடுமரத்தையே வெட்டி எடுக்க நேர்ந்தது. ஒரு புயலின் பின்விளைவு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் முடிவடையாமல் இருந்ததற்கு அம்மரம் சான்று. அடிமரமின்றி விழுதுகளாலேயே நிற்கும் அதனைக் காணச் செல்லும் நம்மவர் பலர், நடுவில் ஏன் வெற்றிடம் என்று கேளாமலேயே திரும்பிவிடுகிறார்கள்.

இத்தனை அழிவிலும் கல்கத்தா நகரின் எல்லைக்குள், கரைமேல் மாண்டவர்கள் நூறு பேருக்கும் குறைவு. நாற்பதினாயிரம் குடில்கள் சரிந்த நகரில் இது வியப்பான எண்ணிக்கை. பகலில் வந்த புயல் என்பதும், ஓடி ஒதுங்கக் கல் கட்டடங்கள் இருந்தன என்பதும் காரணமாகலாம். மறுநாள் நகரம் தன் இழப்பை எண்ணத் தொடங்கிற்று. இத்தனை கப்பல், இத்தனை சரக்கு, இத்தனை இலட்சம் ரூபாய் என்று வணிகர் சங்கங்கள் கணக்கெடுத்தன. தெற்கேயிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. செய்தி வராமையே செய்தி என்று உணர்ந்தவர் அன்று மிகச் சிலரே.

நீர் வடிந்த பின் கீழ்நதிக்குச் சென்றவர்கள் கண்டது வேறு உலகம். வங்காளத்தின் தென்கோடி நிலம் கடலின் உயர்நீர் மட்டத்துக்கும் தாழ்ந்தது. மண்கரைகளை எழுப்பி, உப்புநீரை வெளியே நிறுத்தி, உள்ளே நெல் விளைவிப்பது அங்குள்ளோர் வாழ்வு. அக்கரைகளுக்கு மேலாகக் கடல் வந்துவிட்டது. ஆற்று வாயிலில் உள்ள சாகர் தீவில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். எஞ்சியோர் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு பேர். மேதினிபுரி மாவட்டத்தின் கடலோரத்திலும், டயமண்டு ஹார்பரைச் சுற்றிலும், ஆற்றின் இருமருங்கிலும் ஊர்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. கால்நடைகள் இலட்சக்கணக்கில் மிதந்தன. எல்லாக் குளங்களும் உப்பாகி, பிணங்களால் கெட்டு, குடிநீர் அற்றுப்போனதால், நீரிலிருந்து தப்பியவர்கள் வாந்திபேதிக்கும் சீதபேதிக்கும் இரையானார்கள். வெள்ளத்தில் மாண்டவர் ஐம்பதாயிரம் என்பர். நோயால் மாண்டவரையும் சேர்த்து எண்பதாயிரம் என்பாரும் உளர்.

நகரத்துக் கப்பல்களின் கணக்கு முப்பத்தாறு, தொண்ணூற்றேழு, முப்பத்தொன்பது என்று ஒன்றும் தவறாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது. மனிதரின் கணக்கோ பத்தாயிரங்களில் ஏறவும் இறங்கவும் செய்கிறது. கப்பலுக்குப் பதிவேடு இருந்தது, காப்புறுதி இருந்தது, உரிமையாளன் இருந்தான். கரையோரத்துக் குடியானவனுக்குப் பதிவேடு ஏது? இந்நாட்டில் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே அதற்குப் பின்னர் 1872ஐ ஒட்டித்தான் நடைபெற்றது.

எண்கள் மறுபக்கமும் சாய்வதுண்டு. கல்கத்தாவின் இன்னொரு பழம்புயல் 1737ஆம் ஆண்டு அக்டோபரில் வந்தது. அதில் மூன்று இலட்சம் பேர் மாண்டனர் என்று இலண்டனில் வெளியான மாத இதழ் ஒன்று மறு ஆண்டு அச்சிட, அவ்வெண் இருநூற்றைம்பது ஆண்டுகளாக நூல் விட்டு நூல் தாவிக்கொண்டு வந்தது. நிலநடுக்கமும் உடன் நிகழ்ந்தது என்றுகூட எழுதினார்கள். அன்றைய கல்கத்தாவில் மூன்று இலட்சம் பேர் வாழ்ந்திருக்கவே இயலாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்களைப் புரட்டிய அண்மைக்கால ஆய்வாளர், நகரில் மாண்டவர் மூவாயிரம் அளவே என்றும், நிலநடுக்கத்துக்குச் சான்றில்லை என்றும் காட்டியுள்ளனர். குமார்துலியில் கோவிந்தராம் மித்திரர் கட்டிய பெருங்கோவிலின் கோபுரம் அப்புயலில் விழுந்ததென்பது மட்டும் எல்லோரும் ஒப்பும் செய்தி. ஆக, எண்ணிச் சொன்னதும் உண்டு, எண்ணாமல் சொன்னதும் உண்டு. எண்ணாமலே விட்டதும் உண்டு.

இவ்விடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர், முன்னாள் கப்பல் தலைவர், கல்கத்தாவில் குடியேறிப் புயல்களை ஆராய்வதையே தவமாகக் கொண்டிருந்தார். கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேகரித்து, ஒவ்வொரு புயலின் வழியையும் வரைந்து, வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் ஆண்டுதோறும் வெளியிட்டார். வங்கக் கடலின் புயல் நேராக வீசும் காற்றன்று, சுழன்றுகொண்டே நகரும் காற்று என்பதைக் கடலோடிகளுக்கு உணர்த்த ஒரு சொல் தேவைப்பட்டது. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்னும் பெயரை ஆக்கி, 1848இல் வெளியிட்ட தம் நூலில் வழங்கினார். இன்று உலகம் முழுவதும் வழங்கும் அச்சொல் கல்கத்தாவில் பிறந்தது.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனுக்கு இச்செய்தி இன்னோர் எண்ணத்தையும் எழுப்புகிறது. நம் 'புயல்' என்னும் சொல்லுக்குப் பண்டைத் தமிழில் மேகம் என்றும் மழை என்றுமே பொருள். திருக்குறளிலும் அது உழவனை வாழ்விக்கும் மழையைத்தான் குறிக்கிறது. வாழ்விக்கும் மழைக்கு இட்ட பெயரே நாளடைவில் அழிக்கும் காற்றுக்கு ஆயிற்று. இரண்டும் ஒரே வானிலிருந்து வருவனதாமே. நிற்க.

கல்கத்தாவுக்குத் தென்கிழக்கே மாத்லா ஆற்றின் மேல் ஒரு புதிய துறைமுகம் அமைக்க அரசு திட்டமிட்டபோது, 1853இல் பிடிங்டன் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார். அவ்விடத்தில் என்றேனும் ஒரு நாள் புயலோடு கடல் எழுந்து வந்து அனைத்தையும் வாரிச் செல்லும் என்பது அதன் சாரம். அக்கடிதம் பொருட்படுத்தப்படவில்லை. துறைமுகம் கட்டப்பட்டது; கானிங் என்று பெயரும் சூட்டப்பட்டது. பிடிங்டன் 1858இல் இறந்தார். 1867 நவம்பரில் எழுந்த புயல் கானிங் துறைமுகத்தின் மேல் கடலை ஏற்றிற்று. சில ஆண்டுகளில் அத்துறைமுகம் கைவிடப்பட்டது. இன்று அங்கே எஞ்சியிருப்பது ஓர் இரயில் நிலையமும் ஒரு சந்தையும், சுந்தரவனத் தீவுகளுக்குச் செல்லும் படகுகளுந்தாம். அந்த இரயில் நிலையத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1864இன் புயலுக்குப் பின்னர் அரசு விழித்துக்கொண்டது. லெப்டினன்ட் கர்னல் காஸ்ட்ரெல், கல்கத்தா மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஹென்றி பிளான்போர்டு ஆகிய இருவரும் கப்பல் நாட்குறிப்புகளையும் மாவட்ட அதிகாரிகளின் மடல்களையும் திரட்டி, புயல் பிறந்தது முதல் மறைந்தது வரை அதன் வழியை வரைந்து, 1866இல் பேரறிக்கை ஒன்றை வெளியிட்டனர். அதற்கு முன்பே, 1865இல், கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டது. இந்தியாவில் இத்தகைய ஏற்பாடு அதுவே முதல். கடற்கரை நிலையங்கள் தந்தி வழியே வானிலையைத் தெரிவிக்க, அதனைக் கொண்டு ஆற்றில் நிற்கும் கப்பல்களுக்குக் கொடியும் விளக்கும் உயர்த்தி அறிவித்தார்கள். 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டபோது பிளான்போர்டே அதன் தலைமையை ஏற்றார். 1864இன் புயலும், அதைத் தொடர்ந்து 1866, 1871 ஆகிய ஆண்டுகளில் மழை பொய்த்ததுமே அத்துறை தோன்றக் காரணங்கள் என்று சொல்வது மரபு.

முதல் எச்சரிக்கை கப்பல்களுக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். கம்பத்தில் ஏற்றிய கொடியைக் கப்பல் தலைவன் தொலைநோக்கியால் பார்ப்பான். மண்கரைக்குப் பின்னால் நாற்று நடுபவன் அதனை எவ்வாறு காண்பான்? அவன் காண வேண்டும் என்று எவரும் அன்று கருதவுமில்லை. மேலும், துறைமுகங்கள் அனைத்துக்கும் அம்முறை பரவ இருபதாண்டுகள் ஆயின. ஆசுவினப் புயல் ஓய்ந்து ஒரு மாதம் நிறைவதற்குள், 1864 நவம்பர் 1இல், சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மசூலிப்பட்டினத்தின் மேல் மற்றொரு புயல் கடலை ஏற்றி ஏறத்தாழ முப்பதினாயிரம் பேரைக் கொன்றது. கல்கத்தாவின் அனுபவம் மசூலிப்பட்டினத்துக்குப் பயன்பட நேரமே இல்லை. இவற்றுக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1964 டிசம்பரில், நம் தனுஷ்கோடி போயிற்று. அதை நம்மவர் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

இனி, 2020 மே 20ஆம் நாளுக்கு வருகிறேன். அதுவும் ஒரு புதன்கிழமை. நோய்த்தொற்றின் ஊரடங்கால் நகரம் இரண்டு மாதமாக ஏற்கெனவே அடங்கிக் கிடந்தது. பிற்பகலில் சாகர் தீவுக்கு அருகே, சுந்தரவனத்தின் மேல் அம்பான் கரையேறிற்று. மாலை ஐந்து மணிக்கு எங்கள் தெருவில் தகரங்கள் பறக்கத் தொடங்கின. ஏழு மணிக்குத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் நீல ஒளியோடு வெடித்து இருள் சூழ்ந்தது. அதன் பிறகு எல்லாம் ஒலிதான். புயலின் ஒலியை ஊளை என்பார்கள். எனக்கு அது, கனமான சரக்கு இரயில் ஒன்று வீட்டின் மேல்தளத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பது போல இருந்தது. மாசிமா கொண்டியைச் சோதித்த அதே சன்னல் உடைந்தது. கண்ணாடி கூடம் முழுவதும் சிதறிற்று. பீரோவை நகர்த்தி அந்த வாயை அடைத்து, நானும் என் மனைவியும் குழந்தைகளும் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். கும்பகோணத்திலிருந்து என் தாயார் தொலைபேசியில் அழைத்து, "சாமிக்கு விளக்கு ஏற்றினாயா?" என்று கேட்டார், விடை சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது. அலிப்பூர் நிலையத்தில் காற்றின் வேகம் மணிக்கு 110 கிலோமீட்டரைக் கடந்தது என்றும், டம்டம் விமான நிலையத்தில் 130ஐ எட்டிற்று என்றும் பின்னர் அறிந்தோம்.

விடிந்ததும் தெருவைக் காணவில்லை, மரங்களைத்தான் கண்டோம். மே மாதத்தில் செந்நிறமாய்ப் பூத்து நிற்கும் மயிற்கொன்றைகள் மின்கம்பிகளை இழுத்துக்கொண்டு கார்களின் மேல் கிடந்தன. நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. சிப்பூர்த் தோட்டத்தில் மறுபடியும் ஏறக்குறைய ஆயிரம் மரங்கள். காலேஜ் தெருவில் புத்தகங்கள் வெள்ளத்தில் மிதந்தன. மரங்களை அறுத்து வழி திறக்க இராணுவம் வர வேண்டியதாயிற்று.

எங்களுக்கு மின்சாரம் நான்கு நாள் இல்லை. மோட்டார் ஓடாததால் நீரும் இல்லை. தெருக்கோடி அடிகுழாயில் முகக்கவசத்தோடு வரிசையில் நின்று, வாளி வாளியாக மூன்று மாடி சுமந்தோம். கீழ்வீட்டுத் தமிழ் மாமா, எழுபது வயதில், "ராஷ்பிகாரி அவென்யூவில் நாற்பது வருஷம் இருந்திருக்கிறேன் அப்பா, காவிரியில் தண்ணீர் எடுத்த மாதிரி எடுக்க வைத்துவிட்டதே" என்று சிரித்தார். சிரிப்பு இரண்டாம் நாளோடு தீர்ந்தது. மக்கள் சாலையை மறித்தார்கள். நானும் மின் அலுவலகத்துக்கு ஒரு நாளைக்கு முப்பது முறை தொலைபேசி எண்களைச் சுழற்றி, எடுத்த ஒருவரிடம் நான் பேசக்கூடாத மொழியில் பேசினேன். குளிர்ப்பெட்டியில் கெட்டுப்போன பாலுக்காகவும் தோசை மாவுக்காகவும் எனக்கு அத்தனை சினம் வந்தது.

நான்காம் நாள் இரவு விளக்கு எரிந்தபோது குழந்தைகள் கூவினார்கள். கைப்பேசி உயிர்பெற்றதும் வந்து குவிந்த செய்திகளைப் படித்துக்கொண்டிருந்த என் மனைவி, திடீரென்று நிறுத்தி, "அவள் என்ன ஆனாளோ?" என்றாள். எங்கள் வீட்டில் ஐந்தாண்டுகளாகச் சமையல் செய்த பெண்மணியைத்தான் கேட்டாள். சுந்தரவனத்தில் கோசாபாவுக்கு அப்பால் ஒரு தீவு அவள் ஊர். விடியற்காலையில் படகேறி, கானிங் நிலையத்தில் இரயிலேறி, ஏழரை மணிக்கு எங்கள் அடுப்பைப் பற்றவைப்பாள். மார்ச்சில் இரயில்கள் நின்றபோது ஊரோடு நின்றுவிட்டாள். புயல் எந்த வழியாக வருகிறது என்பதை நான்கு நாட்களாகப் படத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் படத்தில் அவள் ஊர் இருந்ததை நாங்கள் ஒருமுறையும் நினைக்கவில்லை.

அவளுடைய கைப்பேசி ஒலிக்கவே இல்லை. ஒன்பதாம் நாள் அவளே அழைத்தாள், வேறொருவர் எண்ணிலிருந்து. புயலுக்கு முதல் நாள் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு படகுகளில் வந்து எல்லோரையும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு அழைத்துப் போனார்களாம். மேற்கு வங்காளத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டார்கள். 1864இல் ஐம்பதினாயிரம் பேரைக் கொன்ற அதே கழிமுகத்தில், ஏறத்தாழ அதே வழியில் வந்த புயலுக்கு, மாநிலம் முழுவதும் மாண்டவர் நூற்றுக்குச் சற்றுக் குறைவு. கொடிக்கம்பத்திலிருந்து மண்கரைக்கு அந்த எச்சரிக்கை வந்து சேர நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன. ஆனால் வந்து சேர்ந்தது. அவளும் அவள் பிள்ளைகளும் உயிரோடு இருந்தார்கள்.

கரை உடைந்துவிட்டது என்றாள். வயலிலும் குளத்திலும் உப்புநீர் நிற்கிறது; குளத்து மீன்கள் வெள்ளையாக மிதக்கின்றன; மழை பெய்து உப்பைக் கழுவினால்தான் நெல், அது இரண்டு வருடமோ மூன்று வருடமோ என்று, கடைக்குப் போய்வந்த கணக்கைச் சொல்வது போலச் சொன்னாள். நாங்கள் பணம் அனுப்புவதாகச் சொன்னோம், அனுப்பவும் செய்தோம்.

அந்த ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் புறநகர் இரயில்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அடுத்த திங்கட்கிழமை ஏழரை மணிக்குக் கதவு தட்டும் ஓசை கேட்டது. இளைத்திருந்தாள். என் மனைவியைப் பார்த்து, "பௌதி, நலமா?" என்றாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, கூடத்தின் நடுவில் நின்று, பீரோ பழைய இடத்துக்குத் திரும்பியிருந்ததைக் கண்டாள். சன்னலருகே சென்று, புதிய கண்ணாடியை விரல் நுனியால் தட்டிப் பார்த்தாள்.

"தாதா, இதற்கு எவ்வளவு ஆயிற்று?" என்று கேட்டாள்.